நிவாரணம் பெறுவோரின் அந்தரங்கம்: ஜவ்வாது மலையிலிருந்து சில கேள்விகள்

2021 மே, ஜூன் மாதங்களில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்குத் தமிழக அரசு கொரோனா நிவாரணமாக 4,000 ரூபாயை இரு தவணைகளில் நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கியது. அந்த ஜூன் மாத இறுதியில், தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் தகவல் திருடர்கள் புழங்கும் இணையதளமொன்றில் வெளியாகியிருப்பதாக டெக்னிசாங்க்ட் என்னும் சைபர் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. ஆதார் எண், கைபேசி எண், முகவரி, குடும்ப உறவுமுறை ஆகியவை அவற்றில் இருந்தன. செய்தி சில நாள்களில் அடங்கிவிட்டது. தங்கள் விவரமும் அதில் உண்டா என்பதை ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ அரிசி வாங்கும் மலையாளி பழங்குடிக் குடும்பம் எங்கே சென்று அறியும்?

அரிசிக்கு வரிசையில் நிற்பவருக்கு அந்தரங்கம் எதற்கு என்னும் எண்ணம் நீதிமன்றத்தையும் தொட்டிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அறிவித்தது. ஆனால், வங்கிக் கணக்குக்கும் கைபேசி இணைப்புக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற 2018 செப்டம்பர் தீர்ப்பே, அரசின் மானியங்களுக்கு அதைக் கேட்கலாம் என்றது. வசதியுள்ளவர் மறுக்கலாம், ரேஷனை நம்பி வாழ்பவர் மறுக்க இயலாது.

மலையில் இதன் விளைவு கடுமையானது. அலைவரிசை கிடைக்காத ஊர்களில், கைபேசியில்லாத வீட்டின் அட்டையோடு அடுத்தவர் எண் இணைக்கப்படுகிறது. அவ்வீட்டுக்குரிய ஓடிபி அவரிடமே போய்ச் சேர்கிறது. பட்டியல் என்ற சொல்லுக்கும் இங்கே வேறு நினைவுகள் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் இம்மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். செம்மரத்தின் பெயரால் ஊரே ஐயத்துக்குள்ளாகும் நிலையில், யார் வீட்டில் எத்தனை ஆண்கள், அவர்களின் எண்கள் எவை என்னும் நிவாரணத் தகவல் காவல்துறையின் கைக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி? இது வீண் அச்சமன்று. வங்கதேச முகாம்களில் உதவிக்காகத் திரட்டப்பட்ட ரோஹிங்கியா அகதிகளின் விவரங்கள், அவர்களை விரட்டிய மியன்மார் அரசிடமே சென்றதை 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அம்பலப்படுத்தியது.

சாதியையும் கணினி காட்டிக்கொடுக்கும். 2021இல் ஊரக வேலைத் திட்டக் கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஏனையோர் என மூன்றாகப் பிரித்து அனுப்ப ஒன்றிய அரசு உத்தரவிட்டது. ஒரே வரப்பில் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாள்களில் கூலி வந்தது. யார் எச்சாதி என்பதைப் பணம் வந்த நாளே சொன்னது. எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டுக்குள்ளேயே அம்முறை கைவிடப்பட்டது.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அதிகம் உதவாது. மானியம், உதவி ஆகியவற்றை வழங்க அரசு தன்னிடமுள்ள தகவலைப் புதிதாக ஒப்புதல் கேளாமலே பயன்படுத்த அதன் 7ஆம் பிரிவு இடமளிக்கிறது. 44(3)ஆம் பிரிவோ அந்தரங்கத்தைக் காட்டித் தகவல் அறியும் உரிமையைச் சுருக்குகிறது. மக்கள் அரசின் முன் வெட்டவெளியில் நிற்க, அலுவலர் மட்டும் திரைக்குப் பின்னால் போகிறார். போலிப் பயனாளிகளைப் பிடிக்கப் பட்டியல் வேண்டும் என்று சமூகத் தணிக்கையில் ஈடுபடும் தோழர்கள் சொல்வது நியாயமே. அதற்குப் பெயரும் பெற்ற அளவும் ஊர்ச் சுவரில் இருந்தால் போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய், கைபேசி எண் எவையும் வேண்டியதில்லை.

ஜவ்வாது மலையில் அடுத்துக் கூடும் கிராம சபைகளில் இளைஞர்கள் இவற்றைக் கேட்கலாம்: முகாம்களில் வாங்கிய ஆதார் நகல்கள் இப்போது யார் அலமாரியில் உள்ளன? விரல் ரேகை பதியாதவருக்குப் பொருள் வழங்கும் மாற்றுவழி கடையில் எழுதி ஒட்டப்பட்டுள்ளதா? அட்டையோடு இணைந்துள்ள எண் யாருடையது? பதில் எழுத்தில் வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.