ஹிப்ஸ்டரைத் திட்டுவதில் உள்ள சௌகரியம்

அமெரிக்க நகரங்களின் சைக்கிள் ஓட்டிகளைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகளில் ஓர் உருவம் தவறாமல் வந்து நின்றுவிடுகிறது. இறுக்கமான ஜீன்ஸ், அதில் ஒரு கால் மட்டும் முழங்கால் வரை சுருட்டப்பட்டிருக்கும். கட்டம் போட்ட சட்டை, கவனமாக வளர்க்கப்பட்ட கவனமற்ற தாடி, மார்பின் குறுக்கே ஓடும் பட்டையில் தொங்கும் பெரிய பை. ஏறியிருப்பது ஒற்றைக் கியர் சைக்கிள், முன் சக்கரம் ஒரு நிறம், பின் சக்கரம் வேறு நிறம், பிரேக் கிடையாது. இவனுக்கு ஹிப்ஸ்டர் என்று பெயர். ப்ரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் வசிப்பவனாகச் சித்திரிக்கப்படுவது மரபு. இவனைப் பார்த்துச் சிரிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்ட இன்பம். வலதுசாரி சிரிக்கலாம், இடதுசாரியும் சிரிக்கலாம். கார் ஓட்டுகிறவர் சிரிப்பார், நடந்து போகிறவர் சிரிப்பார். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவர் இன்னொரு சைக்கிள்காரராக இருப்பார்.

இலக்கியப் பத்திரிகை படிக்கிறவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். நியூ யார்க்கிலிருந்து வரும் 'என் ப்ளஸ் ஒன்' இதழ், ஹிப்ஸ்டர் என்பவன் யார் என்று 2009இல் ஒரு கலந்துரையாடலே நடத்தி, மறு ஆண்டு அதை நூலாகவும் கொண்டுவந்தது. அந்த இதழைச் சேர்ந்த மார்க் க்ரைஃப், பியர் பூர்தியுவின் சிந்தனைகளைத் துணைக்கழைத்து எழுதியதன் சாரம் இது: ஹிப்ஸ்டர் என்பது எவரும் தன்னைக் குறித்துச் சொல்லிக்கொள்ளாத சொல், பிறர்மீது எறிவதற்கென்றே இருப்பது; ரசனையின் பெயரால் அந்தஸ்துக்கு நடக்கும் போட்டியில் அது ஓர் ஆயுதம். கூர்மையான அவதானிப்புதான். ஆனால் ரசனைச் சண்டையில் தோற்பவருக்கு அதிகபட்சம் மானம் போகும். அதே சண்டை சாலைக்கு வரும்போது பிழைப்பு போகிறது, சமயங்களில் உயிரும் போகிறது. இந்தக் கேலியைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்று கடந்துபோக என்னால் முடியாததற்கு அதுவே காரணம். சாலை யாருக்குரியது என்ற கேள்வியை அது உடையைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிடுகிறது. அதற்கான விலையையும் ஹிப்ஸ்டர் கொடுப்பதில்லை, வேறொருவர் கொடுக்கிறார்.

முதலில் அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் ஃப்ரீவீலின் புண்ணியத்தில் சக்கரம் உருண்டுகொண்டிருக்கும். ஃபிக்ஸி எனப்படும் இந்த வகையில் ஃப்ரீவீல் இல்லை. பின் சக்கரத்தோடு பல்சக்கரம் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். கால் ஓய்வெடுக்க முடியாது. பெடலை எதிர்த்து அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். சாய்வான ஓடுகளங்களில் பந்தயம் விடுவதற்காக உருவான சைக்கிள் இது. ஜப்பானில் 1948இல் கொகுரா நகரில் தொடங்கிய கெய்ரின் சூதாட்டப் பந்தயத்திலும் இதுதான் ஓடுகிறது. (கெய்ரின் சங்கத்தின் முத்திரை குத்தப்பட்ட பழைய சட்டகங்களுக்கு அமெரிக்க இளைஞர்களிடையே ஒரு காலத்தில் இருந்த மோகம், அரிய முதற்பதிப்புகளைத் தேடி அலைகிற நமக்கு எளிதில் புரியக்கூடியது.)

நியூ யார்க்கில் இதை ஓடுகளத்திலிருந்து தெருவுக்கு இறக்கியவர்கள் கூரியர் ஓட்டிகள். அவர்களிலும் ஜமைக்கா, ட்ரினிடாட் போன்ற கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களைத்தான் முன்னோடிகளாகச் சொல்வது வழக்கம். பழுதாகும் பாகங்கள் குறைவு என்பது தொழில் சார்ந்த காரணம். கூலி ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில். சைக்கிள் நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். அந்த உடைகளும் இப்படி வந்தவையே. கால்சட்டையைச் சுருட்டியது செயினில் சிக்காமலிருக்க. குறுக்குப் பட்டை, இறங்காமலே பையை முன்னால் இழுத்து உறையை எடுத்துக் கொடுக்க. ஹார்லெமைச் சேர்ந்த நெல்சன் வெயில்ஸ் என்ற கறுப்பினத்தவர், மன்ஹாட்டன் தெருக்களில் கூரியர் ஓட்டிக்கொண்டிருந்தவர், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சைக்கிள் ஸ்பிரிண்ட் போட்டியில் வெள்ளி வென்றார். இந்த உபகலாச்சாரத்துக்கு ஒரு காவிய நாயகன் வேண்டுமென்றால் அவர்தான்.

பிறகு நடந்ததை யாரும் ஊகிக்கலாம். ஃபேக்ஸும் மின்னஞ்சலும் கூரியரின் தொழிலைத் தின்றுகொண்டிருந்த அதே காலத்தில் அவருடைய தோற்றத்துக்குச் சந்தை பிறந்தது. கார் இருக்கைப் பட்டையின் கொக்கியைப் பொருத்திய பைகளை குரோம் நிறுவனம் 1995இல் கொலராடோவில் தைக்க ஆரம்பித்து நாடு முழுவதும் விற்றது. லீவைஸ் 2011இல் இடுப்புப் பட்டையில் பூட்டுச் செருகிக்கொள்ள வசதியுள்ள சைக்கிள் ஜீன்ஸைக் கொண்டுவந்தது. தொழிலாளியின் உடையை அவனுடைய கூலி இல்லாமல் அணிந்துகொள்கிறான் என்பது ஹிப்ஸ்டர்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது, மறுக்கப்போவதில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்களும் ஜீன்ஸ்தான் போட்டிருக்கிறார்கள். செப்புக் குமிழ் அடித்த அந்தக் கால்சட்டைக்கு 1873இல் காப்புரிமை வாங்கப்பட்டது கடின உழைப்பாளிகளுக்கு விற்பதற்காக. உழைப்பாளியிடமிருந்து கடன் வாங்காத நாகரிகத்தை உடுத்தியிருப்பவர் முதல் கல்லை எறியட்டும்.

பிரேக் இல்லாமல் நெரிசலான தெருவில் ஓட்டுவது மடத்தனம். அது சட்டத்துக்கும் புறம்பானது. போர்ட்லாந்தில் 2006இல் இப்படி ஓட்டிய ஒரு கூரியர் தன் கால்களே பிரேக் என்று வாதிட்டபோது நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அது இயந்திரத்தைப் பற்றிய தீர்ப்பு. கால்சட்டையின் இறுக்கத்தைப் பற்றி நீதிபதி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேலியிலும் தரம் உண்டு. 2007இல் 'பைக் ஸ்நாப்' என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கி, 2010இல்தான் தன் பெயரை வெளியிட்ட ஈபன் வைஸின் நையாண்டி நல்ல நையாண்டி. தினமும் சைக்கிளில் போகிறவரின் உட்பகை அது. பாசாங்கைக் கிண்டலடித்தாரே ஒழியச் சைக்கிள்காரனைச் சாலையிலிருந்து விரட்டச் சொல்லவில்லை. நான் பேசுவது வேறு வகையைப் பற்றி. இது ஹிப்ஸ்டரைக் காட்டி, 'இவனுக்காகவா நம் தெருவைக் குறுக்க வேண்டும்?' என்று கேட்கும் வகை.

இது ஹிப்ஸ்டரோடு பிறந்ததும் அல்ல. 1897 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்குவதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, எதிர்த்த மாணவர்கள் ஒரு கொடும்பாவியைத் தெருவின் மேலே தொங்கவிட்டார்கள். அது புத்தகம் ஏந்திய பெண்ணின் பாவை அல்ல. அரைக் கால்சட்டை அணிந்து சைக்கிளில் அமர்ந்த பெண்ணின் பாவை. பட்டத்துக்கும் சைக்கிளுக்கும் கால்சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீர்மானம் தோற்றது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தர 1948 ஆயிற்று.

அதே காலத்து அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த கிட்டி நாக்ஸ் என்ற தையற்காரப் பெண் இருந்தார். கலப்பினத்தவர். தானே தைத்த கால்சட்டையுடையில் சைக்கிள் ஓட்டியவர். அமெரிக்கச் சைக்கிள்காரர்களின் பெரும் சங்கம் 1894இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி செய்தது; அதற்கு முன்பே உறுப்பினராகியிருந்த நாக்ஸ், 1895இல் ஆஸ்பரி பார்க்கில் நடந்த அச்சங்கத்தின் மாநாட்டுக்குத் தன் அட்டையோடு போய் நின்றார். பத்திரிகைகள் அவர் உடையையும் நிறத்தையும் சேர்த்தே எழுதின. அந்த விதியை அந்த அமைப்பு முறைப்படி விலக்கியது 1999இல். சைக்கிள்காரர்களின் உடை அலங்காரம் வெறும் பகட்டு என்று சொல்கிறவர்கள் நாக்ஸின் புகைப்படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இனி நியூ யார்க்கின் கதை. 1980இல் மேயர் எட் காச் மன்ஹாட்டனின் முக்கிய அவென்யூக்களில் தடுப்புகளோடு சைக்கிள் பாதை போட்டார். எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டிலேயே பிடுங்கி எறிந்தார். 1987 ஜூலையில் அடுத்த அடி எடுத்து வைத்தார். ஐந்தாவது, பார்க், மாடிசன் அவென்யூக்களில் 31ஆம் தெருவிலிருந்து 59ஆம் தெரு வரை வேலைநாட்களில் காலை 10 முதல் மாலை 4 மணி வரை சைக்கிளுக்குத் தடை. அந்த நேரத்தில் அந்தத் தெருக்களில் சைக்கிளில் இருந்தவர் யார்? உலாவப் போனவரா? பொட்டலத்துக்கு இவ்வளவு என்று ஓடிய கூரியர்தான். ஆனால் விவாதம் முழுவதும் அவர்களுடைய முரட்டுத் தோற்றத்தையும் மரியாதையின்மையையும் பற்றியே நடந்தது. கூரியர்கள் கூட்டமாகத் திரண்டு அவென்யூவை அடைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போராடினார்கள். நடைமுறைக் குறையைச் சுட்டி நீதிமன்றம் தடையை நிறுத்தியது.

அடுத்தது 2009 டிசம்பர். ப்ரூக்ளினின் பெட்ஃபோர்ட் அவென்யூவில், ஹசிடிக் யூதர்கள் வாழும் பகுதியின் ஊடாகச் சென்ற 14 தெருக்கள் நீளமுள்ள சைக்கிள் பாதையை மாநகராட்சி சுரண்டி அழித்தது. அருகே கென்ட் அவென்யூவில் மாற்றுப் பாதை இருப்பதாகச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே அச்சமூகத்தின் சிலர் இரு புகார்களைச் சொல்லிவந்தார்கள். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பது ஒன்று. சைக்கிளில் போகும் பெண்களின் அரைகுறை உடை என்பது மற்றொன்று. முதல் புகாருக்குப் பொறியியலில் விடை உண்டு, உட்கார்ந்து பேசியிருக்கலாம். பத்திரிகைகளுக்குச் சுவைத்தது இரண்டாவது. ஹிப்ஸ்டருக்கும் ஹசிடுக்கும் யுத்தம் என்று தலைப்புப் போட்டுக் குதூகலித்தார்கள். சைக்கிள் தரப்பும் அந்த வலையில் போய் விழுந்தது. இரவில் வண்ணம் கொண்டுபோய்ப் பாதையை மீண்டும் வரைந்ததை நான் மதிக்கிறேன். அதற்காகக் கைதானவர்களும் உண்டு. ஆனால் அடுத்து மேலாடையற்ற ஊர்வலம் என்று அறிவித்தார்களே, அதைவிடப் பெரிய பரிசை எதிர்த்தரப்புக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. (நியூ யார்க்கின் டிசம்பர் குளிர் அவர்களைக் கோட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றியது.) பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று ஒரு தரப்பு கேட்டது, இதோ பார் என்று மறு தரப்பு காட்டக் கிளம்பியது. சாலையின் அகலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதே அவென்யூவின் இன்னொரு பகுதியில் பின்னாளில் தடுப்புகளோடு அமைக்கப்பட்ட பாதையிலும் மூன்று தெரு நீளத்துக்குத் தடுப்பை அகற்றும்படி 2025 ஜூனில் மேயர் எரிக் ஆடம்ஸ் ஆணையிட்டார். பதினாறு ஆண்டுகளில் தாடியின் நாகரிகம் பலமுறை மாறிவிட்டது, ஹிப்ஸ்டர் என்ற சொல்லே பழசாகிவிட்டது. தகராறு மட்டும் அங்கேயே நிற்கிறது.

இதற்கிடையில் நியூ யார்க்கில் நாள் முழுவதும் சைக்கிளில் இருப்பவர் மாறிவிட்டார். அவர் சீனாவிலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வந்தவர். மின்சார சைக்கிளில் உணவு கொண்டுபோகிறார். பழைய கூரியரைப் போலவே இவருக்கும் முன்பு பொட்டலத்துக்குக் கூலி என்ற கணக்குதான் இருந்தது. செயலிகள் வழியாக இப்படி ஓட்டுபவர்கள் 60,000க்கும் மேல் என்பது மாநகராட்சியின் மதிப்பீடு. த்ராட்டில் வைத்த மின்சார சைக்கிள் நியூ யார்க்கில் சட்டவிரோதமாக இருந்த காலத்தில், 2018 தொடக்கத்திலிருந்து போலீஸ் நடவடிக்கை தீவிரமானது. 500 டாலர் அபராதம், கூடவே வண்டியும் பறிமுதல். அனுமதிக்க வந்த மசோதாவை ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 2019 டிசம்பரில் ரத்து செய்தார். 2020 ஏப்ரலில், கொள்ளைநோயில் நகரமே கதவடைத்துக்கொண்டு இவர்கள் கொண்டுவரும் சாப்பாட்டை எதிர்பார்த்திருந்தபோதுதான், சட்டம் மாறியது. 2025 ஏப்ரலில் சிவப்பு விளக்கைத் தாண்டுவது போன்ற குற்றங்களுக்குச் சைக்கிள்காரர்களுக்கு வெறும் அபராதச் சீட்டுக்குப் பதில் குற்றவியல் அழைப்பாணை தரும் வழக்கம் தொடங்கியது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவருக்கு அது ஒரு நாள் அலைச்சல். குடியேற்ற ஆவணம் உறுதியாக இல்லாதவருக்கு நீதிமன்றப் படியேறுவதே அச்சம்.

சைக்கிள்காரன் என்றாலே திமிர் பிடித்த, வசதியான, வேலையற்ற இளைஞன் என்ற சித்திரம் முப்பது வருடங்களாகத் தீட்டப்படாமல் இருந்திருந்தால் இந்தக் கெடுபிடிகள் இவ்வளவு எளிதாக நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பது என் கட்சி. ஹிப்ஸ்டருக்கென்று ஓங்கிய கை அவன்மீது விழுவதில்லை. அவன் வாடகை ஏறியதும் வேறு பேட்டைக்குப் போய்விடுவான், அல்லது வயதாகிக் கார் வாங்கிவிடுவான்.

இந்த உணவு விநியோகத் தொழிலாளர்களுக்கும் ஓர் உடைப் பாணி உண்டு. மழைக்கு ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஒட்டுநாடாவால் கட்டி, அதற்குள் கையை நுழைத்து ஓட்டுகிறார்கள். தலைக்கவசத்துக்குக் கீழே முகம் மூடும் துணி. முதுகில் சதுரப் பெட்டி. இதைக் கேலி செய்து ஒரு நகைச்சுவைத் தொடரும் நான் பார்க்கவில்லை. 2020இல் இவர்கள் 'லாஸ் டெலிவெரிஸ்டாஸ் யுனிடோஸ்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தபோது வைத்த கோரிக்கைகளில், எந்த உணவகத்திலிருந்து சாப்பாடு எடுத்துப் போகிறோமோ அங்கே கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்பதும் ஒன்று. அதற்கு 2021 செப்டம்பரில் நகரமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது.