சொன்னால் லைசென்ஸ் போய்விடுமா?

ராயகிரிப் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டுபவர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், யாரைக் கேட்டாலும் இதே பேச்சுதான்: "வலிப்பு, சுகர்னு ஆர்டிஓ ஆபீஸ்ல சொன்னா லைசென்ஸைப் புடுங்கிருவாங்க. நம்ம உடம்பு, நம்ம மாத்திரை." இந்தப் பேச்சு உயிரைக் குடிக்கும்.

சொன்னதுமே பறிப்பார்களா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நோயால் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்பக் காரணம் இருந்தால் உரிமத்தை ரத்து செய்யலாம், அல்லது புதிய மருத்துவச் சான்று கேட்கலாம் என்கிறது. சர்க்கரை நோய் என்ற பெயரே தடை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வலிப்பு உள்ளவருக்கு விதி இறுக்கம்தான். பிரிட்டனில் 12 மாதம் வலிப்பு வராதிருந்தால் கார் ஓட்டலாம். அப்படியோர் அளவுகோலை இங்கேயும் கேட்போம். அதுவரை உரிம விண்ணப்பத்தில் பொய்க் கையெழுத்து வேண்டாம்.

"அவங்க கேட்கலையே" என்பதும் சரியல்ல. உரிமம் கேட்பவர் கையெழுத்திடும் படிவம் 1, வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்று கேட்கிறது. பொதுமக்களுக்கு ஆபத்தாகும் வேறு நோய் உண்டா என்றும் கேட்கிறது. சொந்த வண்டி உரிமம் என்றால், இருபது வயதில் போட்ட அந்தக் கையெழுத்து நாற்பது வரை செல்லும். நடுவில் வரும் நோயை யாரும் விசாரிப்பதில்லை. அது சட்டத்தின் ஓட்டை. ஆனாலும் நோய் தெரிந்தே ஆபத்தாக ஓட்டினால் அதே சட்டத்தின் 186ஆம் பிரிவு அபராதம் விதிக்கும். மறைப்பு உயிரையே வாங்கும்: பிரிட்டனின் கிளாஸ்கோவில் 2014 டிசம்பர் 22 அன்று குப்பை லாரி ஓட்டுநர் மயங்கியதில் ஆறு பேர் இறந்தனர். முன்பும் மயங்கியதை அவர் மறைத்திருந்தார்.

"அதான் மாத்திரை போடுறோமே!" அந்த மாத்திரையே ஆபத்தாகலாம். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வண்டி எடுத்தால் லோ சுகர் வரலாம்: வேர்க்கும், கை நடுங்கும், பார்வை மங்கும், புத்தி தடுமாறும். சளிக்குப் போடும் குளோர்பெனிரமின் தூக்கத்தைத் தரும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் மாத்திரை கொண்டு வரும்போதே "நான் வண்டி ஓட்டுறேன்" என்று சொல்லுங்கள்.

பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. நிறக்குருடு என்று வெளியேற்றப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு மாற்றுப்பணி தரச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகை டிராக்டர் ஓட்டுபவருக்கு அந்தக் காப்பு கிடையாது. உண்மையைச் சொல்லும் ஓட்டுநருக்கு இலவச மருத்துவச் சான்றும், ஓட்ட முடியாத மாதங்களுக்கு உதவித்தொகையும் தமிழக அரசு தர வேண்டும்.