முட்டையில்லாத ஆரஞ்சு மஃபினும் எதிர்வீட்டுத் தட்டும்



சென்னைக்கும் டில்லிக்கும் இரயிலில் போய்வருகிற நம்மவர்கள் யாவரும் நாக்பூர் ஆரஞ்சை அறிவார்கள். வண்டி நிற்கிற சில நிமிடங்களுக்குள் பழத்தை வாங்கி, தோலை உரித்து எறிந்துவிட்டுச் சுளைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிடுவோம். எறிந்துவிட்ட அந்தத் தோலில்தான் பழத்தின் வாசனையில் பெரும்பங்கு இருக்கிறது என்பதை, இந்த ஊருக்கே குடிவந்து வெகுகாலம் சென்ற பின்புதான் நான் அறிந்துகொண்டேன். அறிந்துகொண்ட விதம் பெருமைப்படத்தக்கதல்ல. எனினும், முட்டை சேர்க்காத சாக்லேட் மஃபின் எப்படிச் செய்வது என்று சபையில் சில சகோதரிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் செய்முறை எனக்குக் கிடைத்த கதையை விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எங்கள் வீட்டுக்கு ஒரு சிறிய ஓவன் வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கேக்கும் தட்டில் அடுக்கி, துணியால் மூடி, தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வழக்கம். அங்கே கேக்கில் முட்டை உண்டா என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அதே பழக்கத்தில் இங்கும் எங்கள் தளத்திலிருந்த மூன்று வீடுகளுக்கும் சாக்லேட் மஃபின் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று முட்டை உடைத்துச் சேர்த்துச் செய்தவை அவை. எதிர்வீட்டார் ஜைனர்கள். அவர்கள் மாமிசம் உண்பதில்லை என்பது எனக்குத் தெரியும். முட்டையைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை.

மதியத்துக்குள் அவ்வீட்டின் ஏழு வயது மகன் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு மஃபின்களைத் தின்று முடித்து, மூன்றாவது கேட்டு என் கதவைத் தட்டினான். சற்று நேரத்தில் அவன் தாயார் வந்தார். “பாபி, இதில் முட்டை போடவில்லையே?” என்று கேட்டார். அவர் நின்ற இடத்திலிருந்து நான்கு அடி தூரத்தில், என் குப்பைக்கூடையில் முட்டை ஓடுகள் கிடந்தன. “இல்லை” என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளை தின்றாகிவிட்டது, இனி அறிந்து என்ன ஆகப்போகிறது, வீணாக மனம் நோவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று இரவு ஜெபத்துக்கு முழங்காலிட்டேன், வாய் திறக்கவில்லை. காலையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, முட்டை சேர்த்திருந்தேன் என்பதையும், நேற்றுச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நேற்றே சொல்லியிருக்கலாமே, பாபி” என்றார். அவ்வளவுதான். கதவு மெதுவாக மூடிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து வீட்டுவேலை செய்கிற பெண்ணின் கையில் என் தட்டு திரும்பி வந்தது. நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது, வெறுமையாக இருந்தது. பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை என்பது நம் வழக்கம். அவ்வீட்டின் வழக்கமும் அதுவே.

நம் சட்டமும் இக்காரியத்தில் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. பொட்டலமிட்ட தின்பண்டங்களின் உறையில் பச்சை வட்டம் இருந்தால் சைவம் என்று நீங்கள் அறிவீர்கள். முட்டை சேர்ந்த பிஸ்கட்டுக்கோ கேக்குக்கோ அந்தப் பச்சை வட்டம் கிடைக்காது. அசைவத்துக்குரிய பழுப்புக் குறியே போடவேண்டும். வடக்கத்திய நகரங்களில் குடியிருக்கிற நாம், ‘வெறும் கேக்தானே’ என்று எண்ணிக் கொடுக்குமுன் இதை நினைவில் வைப்பது நல்லது.

அதற்குப் பின்பு முட்டையின்றிச் செய்து பழக ஆரம்பித்தேன். முதல் முறை, முட்டையை மட்டும் நீக்கிவிட்டு, அதற்கு ஈடாகச் சமையல் சோடாவைக் கூட்டிப் போட்டேன். வாயில் வைத்ததும் சோப்பைத் தின்றதுபோல் இருந்தது. இரண்டாம் முறை, புளிப்பு வேண்டுமே என்று சாத்துக்குடி பிழிந்து ஊற்றினேன். அதிலும் சோடா நாற்றம் போகவில்லை. மூன்றாம் முறை மாவைக் கலக்கி முடித்த வேளையில் மின்சாரம் நின்றுபோயிற்று. அரைமணி கழித்து வந்தபோது மாவு உயிரற்றுக் கிடந்தது. வெந்து வந்தவை கேரம் பலகையின் காய்களைப் போலத் தட்டையாக இருந்தன என்று என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இந்த மூன்று தோல்விகளிலிருந்தும் ஒரே காரியம் விளங்கிற்று. சமையல் சோடா காரமுள்ளது. புளிப்போடு சேர்ந்தால்தான் அது நுரைத்து, காற்றை வெளிவிட்டு, மாவைத் தூக்கும். போதிய புளிப்பு இல்லாவிட்டால் மீந்த சோடா சோப்பாகச் சுவைக்கும். சாத்துக்குடி இனிக்குமே தவிர அதில் புளிப்பு மிகவும் குறைவு. ஆரஞ்சில் அதைவிட அதிகம். ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும். மேலும், நுரைப்பது ஈரம் பட்ட கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. அடுப்பு காத்திருக்கலாம், மாவு காத்திருக்கக் கூடாது.

ஆனால் நன்றாக வந்தவற்றை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. இதில் முட்டை இல்லை என்று நான் சொன்னால் அவர் ஏன் நம்பவேண்டும்? ஒருமுறை அதே வார்த்தையைச் சொல்லி ஏமாற்றியவள் அல்லவா? ஆகவே பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் அவரையே என் சமையலறைக்கு அழைத்தேன். நான் செய்வதைப் பக்கத்திலிருந்து பாருங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுவாரம் வந்தார்.

வந்தவர் முதலில் பார்த்தது மஃபின் தட்டை. இதில்தான் முன்பு முட்டை போட்டுச் செய்தீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். அன்று ஒன்றும் செய்யவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார். நான் கடைக்குப் போய்ப் புதிய தட்டும் கலக்குகிற கரண்டியும் வாங்கி, அவற்றைத் தனியே ஒரு பையில் கட்டி வைத்தேன். அடுத்த முறை பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். தேன் ஆகாது என்றார். நேற்று உறைந்த தயிர் மாமியாருக்கு ஆகாது என்றார். வினிகரும் வேண்டாம் என்றார். எஞ்சி நின்றது மேசைமேல் இருந்த ஆரஞ்சுதான். ஆக, இந்தச் செய்முறையில் ஆரஞ்சு இருப்பது ருசிக்காக நான் தேர்ந்துகொண்டதல்ல. மற்றவை எல்லாம் விலக்கப்பட்டபின் மிஞ்சியது அது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். பன்னிரண்டு சிறிய மஃபின்களுக்கு இது போதும்.

நான்கைந்து ஆரஞ்சுகளை வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பளபளப்புக்காக மெழுகு பூசி விற்பதும் உண்டு. இரண்டு பழங்களின் தோலை, உரிக்குமுன்பே, பழத்தின்மேல் வைத்தபடியே மெல்லிய துருவியில் துருவுங்கள். நாக்பூர் ஆரஞ்சின் தோல் தளர்ந்திருக்கும், அழுத்தினால் கிழியும். ஆகையால் இலேசாக, ஒரே திசையில் இழுங்கள். ஆரஞ்சு நிறம் மட்டுமே வரவேண்டும். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். துருவியதை 160 கிராம் சர்க்கரையில் போட்டு விரல் நுனிகளால் இரண்டு நிமிடம் பிசறுங்கள். தோலிலுள்ள எண்ணெயைச் சர்க்கரை உறிஞ்சி ஈரமணல்போல் ஆகும், வீடெங்கும் மணக்கும். அன்று எதிர்வீட்டுச் சகோதரி முதன்முதலாகச் சிரித்தது இந்த இடத்தில்தான். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கித் தாமே பிசறினார்.

ஓவனை 180 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே சூடேற்றுங்கள். தட்டில் காகிதக் கிண்ணங்களை அடுக்கி ஆயத்தமாக வையுங்கள். 180 கிராம் மைதா, 25 கிராம் கொக்கோ தூள், முக்கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலித்து, மணக்கும் சர்க்கரையோடு கலந்துகொள்ளுங்கள். கொக்கோ வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். 501 என்ற எண் இருந்தால், அது காரம் சேர்த்துப் பதப்படுத்திய தூள். நிறம் கறுப்பாகவும் ருசி மென்மையாகவும் இருக்கும், ஆனால் தனக்கென்று புளிப்பு இராது. அத்தகைய தூளானால் எலுமிச்சையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

இப்போதுதான் பழத்தைப் பிழியவேண்டும். முன்னதாகப் பிழிந்து வைத்தால் சாறு கசப்புத் தட்டும், விதைகளையும் நசுக்கவேண்டாம். வடிகட்டிய சாறு 240 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, வாசனையற்ற சூரியகாந்தி எண்ணெய் 75 மில்லி. நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் இதற்கு உதவா. இந்த மூன்றையும் மாவின் நடுவே ஊற்றி, கரண்டியால் பதினைந்து இருபது சுற்றுக் கலக்கி நிறுத்திவிடுங்கள். சிறு கட்டிகள் தெரிந்தால் தெரியட்டும். கேக் என்றால் நுரைக்க நுரைக்க அடிக்கவேண்டும் என்று கேட்டுப் பழகிய கைக்கு இது கடினம்தான். ஆனால் மைதாவை ஈரத்தோடு அதிகம் அடித்தால் பரோட்டா மாவைப்போல் இழுவை பிடித்து, மஃபின் சவ்வாகிவிடும்.

மாவு சற்று நீர்த்தே இருக்கும், பயப்படாதீர்கள். கிண்ணங்களில் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, 60 கிராம் சாக்லேட் துண்டுகளை ஒரு சிட்டிகை மைதாவில் புரட்டி மேலே தூவுங்கள். மாவுக்குள்ளே கலந்தால் அடியில் போய்த் தங்கிவிடும். உறையில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று எழுதியிருந்தால் அது மலிவான வகை. பிள்ளைகள் தின்பார்கள், ஆனால் ஆரஞ்சின் பக்கத்தில் அது மெழுகுபோல் தோன்றும் என்பது என் எண்ணம். நாம் வாங்குகிற சாக்லேட்டின் கொக்கோவில் ஒரு பங்கு நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைவது என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

இருபது நிமிடத்தில் பல்குத்தும் குச்சியால் குத்திப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாவிட்டால் வெந்தது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு எடுங்கள். இதே மாவைப் பெரிய வட்டக் கேக்காக ஊற்றவேண்டாம். முட்டை இல்லாததால் உள்ளே தாங்குவதற்கு வலு குறைவு, நடுப்பாகம் அமுங்கிவிடும். சிறு கிண்ணமானால் அதன் சுவரே தாங்கிக்கொள்ளும்.

ஓவன் இல்லாத வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், கனத்த அடியுள்ள பழைய பாத்திரத்தில் ஒரு வளையம் வைத்து, இறுக மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் மாவை ஊற்றி, சிறு தீயில் முப்பது முப்பத்தைந்து நிமிடம் வேகவைக்கலாம். பிரஷர் குக்கரை நீரில்லாமல் சூடேற்றுவதை நான் சொல்லமாட்டேன். குக்கரும் கெடும், மனமும் பதறும். மே மாதத்தில் இதை முயலவேண்டாம் என்று நாக்பூரிலுள்ள சகோதரிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. 45 டிகிரி வெயிலில் ஓவனைத் தொடுகிறவர்கள் இந்த ஊரில் இல்லை.

எண்ணெய் சேர்வதால் இரண்டு மூன்று நாள் மென்மையாகவே இருக்கும். முதல் நாள் கொக்கோ முந்தி நிற்கும். மறுநாள்தான் ஆரஞ்சு மேலெழும்பும். ஆகையால் யாருக்காவது கொடுப்பதானால் முந்தின நாளே செய்துவிடுவது உத்தமம்.

அன்று வெந்து வந்த பன்னிரண்டில் ஆறை எதிர்வீட்டுச் சகோதரி தம் வீட்டுத் தட்டிலேயே எடுத்துக்கொண்டு போனார். மார்ச் மாதம், இரண்டாம் போகப் பழங்கள் சந்தைக்கு வருகிற காலத்தில், காட்டோலிலுள்ள உறவினர் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஒரு பை நிறைய ஆரஞ்சு எங்கள் வாசலில் இருந்தது. அன்று மூன்றாவது மஃபின் கேட்டு என் கதவைத் தட்டிய பையன் இப்போது புனேயில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், அந்த முதல் மஃபின்தான் மிக நன்றாயிருந்தது என்று தாயார் காதில் விழாதபடி என்னிடம் சொல்லுவான். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. புதிய தட்டுக் கட்டிவைத்த பையை எடுத்து அவிழ்ப்பேன்.