மணி இன்னும் கண்டம் ஆகவில்லை



ஒர்க் ஷாப்பில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "அது கண்டம் ஆயிடுச்சுப்பா, ஓரமா தள்ளு." பல் தேய்ந்த கியர், மரை போன போல்ட், ஆட்டம் கண்ட லேத் எல்லாமே கண்டம்தான். இரும்பைப் பார்த்துச் சொன்னால் சரி. போன வருடம் எங்கள் சந்தில் ஒருவர் இதே சொல்லை எங்கள் மணியைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மணி ஒரு நாய். ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை. சாதாரண நாட்டு நாய். எனக்கு ஐந்து வயதில் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இடத்திலிருந்து நைனா அதை லுங்கியில் சுற்றிக் கொண்டு வந்தார். இப்போது எனக்குப் பதினெட்டு, மணிக்குப் பதின்மூன்று. நாய்க் கணக்கில் பார்த்தால் எங்க ஆயாவுக்குத் தம்பி மாதிரி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பத்தாவது பரீட்சைக்கு வாசல் விளக்கில் உட்கார்ந்து படித்தபோது ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கூடவே விழித்திருந்த ஒரே ஜீவன் மணிதான். (கொசுக்கடியில் தூக்கம் வராமல் கிடந்தது என்பாள் என் தங்கச்சி. இருக்கட்டும்.)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கப்புறம் வாசலை இரண்டு படி உயர்த்திக் கட்டினோம். எங்களுக்கு நல்லது, மணிக்குக் கஷ்டம். ஈரத்தில் கிடந்து எழுந்த நாளிலிருந்தே அதன் பின்னங்கால் சரியில்லை. தூங்கி எழுந்ததும் நாலைந்து அடி நொண்டும், அப்புறம் சரியாகிவிடும். வயசாயிடுச்சு, சோம்பல் என்று விட்டுவிட்டோம். முட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. இடுப்பைத் தொட்டால் உறுமியது. இதெல்லாம் வலிக்கு அடையாளம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாய் வலி என்று கத்தாது நண்பர்களே, மறைக்கும். எங்க நைனா மாதிரி.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். நைனா மீன் கூடை தூக்கித் தூக்கி முட்டி தேய்ந்தவர். அவருக்கு வாங்கி வைத்திருந்த இபுப்ரோபன் மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து இரண்டு நாள் மணிக்குக் கொடுத்தேன். படிச்ச பையன் அல்லவா, டோஸ் எல்லாம் மனக்கணக்கு! மூன்றாம் நாள் மணி ரத்தமாக வாந்தி எடுத்தது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அம்மா அழுதார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். 1903-இல் ஆரம்பித்த கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் சரி. திருவொற்றியூரிலிருந்து நடக்க முடியாத இருபது கிலோ நாயை எப்படிக் கொண்டு போவது? பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். மூன்று ஆட்டோக்காரர்கள் மணியைப் பார்த்ததும் நிற்காமல் போனார்கள். நாலாவது அண்ணன், "சாக்கு விரிச்சுக்கோ, போலாம்" என்றார். மீன் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டியில் படுக்க வைத்து, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. "மனுஷங்க சாப்பிடற இபுப்ரோபன் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் நீயா கொடுக்காதே" என்று மட்டும் சொன்னார்கள். வலி மாத்திரை என்றால் விளையாட்டு இல்லை என்று பிறகுதான் தேடிப் படித்தேன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபெனாக் வலி மருந்தால், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் நாடு முழுக்கக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-இல் இன்னும் இரண்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. ஒரு உடம்புக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம்! மணிக்கு வயிறு ஆறிய பிறகு எடைக்குத் தகுந்த அளவில் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் ஒருவன் நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போவான் என்று எனக்குத் தெரியும்.

எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு, "கீல்வாதம்" என்றார்கள். கதவுக்கும் கீல், உடம்புக்கும் கீல். இந்தப் பெயரை வைத்தவர் நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் ஆளாகத்தான் இருக்க வேண்டும்! எலும்பு முனையில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது, நடுவில் எண்ணெய் மாதிரி ஒரு திரவம். குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்பும் எலும்பும் உரசும். நாம் படிக்கிற பேரிங், லூப்ரிகேஷன் கதையேதான். ஒரே வித்தியாசம், இந்த பேரிங்கை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. லோடைக் குறைக்கலாம். அதனால் சோறு குறைந்தது, பொரித்த மீன் அடியோடு நின்றது. ஆனால் படுத்தே கிடந்தாலும் கெடுதல். தசை கரைந்துவிட்டால் மொத்த பாரமும் கீலில்தான் இறங்கும். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் நடை. எழ முடியாத நாளில் பழைய டவலை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி நடத்துகிறேன். வீட்டு டைல்ஸில் கால் வழுக்கியது, சாக்கை விரித்து ஓரத்தை ஒட்டினோம். நடை குறைந்ததால் நகம் தேயாமல் வளர்ந்து அதுவே வழுக்கக் காரணமானது, அதை மாதம் ஒருமுறை வெட்டுகிறோம். ஆயாவின் பழைய மெத்தை இப்போது மணிக்கு. ராத்திரி ஒருதடவை புரட்டிப் படுக்க வைப்பது தங்கச்சி டியூட்டி.

பெரிய பிரச்சினை அந்த இரண்டு படிதான். உயரம் பதினெட்டு அங்குலம். கிடைத்த மூன்றடிப் பலகையைச் சாய்த்துப் போட்டேன். மணி ஏறவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தது. கணக்குப் போட்டேன். சரியாக முப்பது டிகிரி! பாஸ் மார்க் வாங்கிய பாடத்தை வீட்டில் மறந்துவிட்டேன். ஆறடியாக நீட்டினால் பதினான்கரை டிகிரி. அதையே செய்து, மேலே சாக்கு அடித்து, சந்தை மறைக்காமலிருக்கக் கீல் வைத்து மடக்குகிற மாதிரி பண்ணினேன். நான் படித்த படிப்பு என் வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மணி ஏறி உள்ளே வந்தபோது அம்மா, "ஒன் ஃபீஸ் பணம் வீண் போகலடா" என்றார்கள்.

"மனுஷனுக்கே வழி இல்ல, நாய்க்கு இன்னாபா ஆட்டோவும் எக்ஸ்ரேவும்?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், சிரித்து ஒதுக்க முடியாது. முந்நூற்றைம்பது ரூபாய் ஆட்டோ என்பது எங்க வீட்டில் இரண்டு நாள் செலவு. ஆனால் நடந்தது என்ன தெரியுமா? மணிக்கு டாக்டர் சொன்னதையெல்லாம் வீட்டில் சொல்லும்போது நைனா பீடியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் கழித்து, "எனக்கும் அதாண்டா இருக்கும்" என்றார். இருபத்தைந்து வருஷமாக வலி என்று வாய் திறக்காத மனுஷன்! ஸ்டான்லிக்குக் கூட்டிப் போனேன். அதே எக்ஸ்ரே, அதே தேய்மானம், மாத்திரை வெறும் வயிற்றில் போடாதே என்ற அதே புத்திமதி. இப்போது சாயங்காலம் அந்தப் பத்து நிமிஷ நடைக்கு இரண்டு பேருமாகப் போகிறார்கள். யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்ல முடியாது.

"டோல்கேட் தாண்டி விட்டுட்டு வந்துடு" என்பது இன்னொரு யோசனை. கழுத்துப் பட்டையோடு எண்ணூர் ரோட்டில் லாரிக்கு நடுவே திகைத்து நிற்கும் கிழ நாய்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவை தானாக வந்தவை அல்ல. தெருநாய்த் தொல்லை, வெறிநாய்க் கடி என்று நாம் பயப்படுவதில் தப்பில்லை. நாய்களைக் கொல்லாமல் குடும்பக்கட்டுப்பாடு செய்யலாம் என்று 1964-லேயே சொன்ன ப்ளூ கிராஸ் நம்ம சென்னை அமைப்புதான். மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. ஆனால் வீட்டு நாயைக் கிழடானதும் தெருவில் இறக்கி விட்டால் எந்தத் திட்டம் என்ன செய்யும்?

"ஊசி போட்டு அனுப்பிடு" என்கிறவர்களிடம் நான் சண்டை போடவில்லை. மணி சாப்பிடாமல், வாலாட்டாமல், வலி மட்டுமே மிச்சமாகிற நாள் வந்தால் டாக்டரம்மாவைக் கேட்டு அதையும் செய்வேன். அது மணிக்காக இருக்க வேண்டும், எங்கள் தூக்கத்துக்காக இருக்கக் கூடாது. தருமர் சொர்க்க வாசலில் நாயை விடமாட்டேன் என்று நின்றார், அது எமதர்மராஜனாகவே ஆகிவிட்டது! எங்க மணி மணியாகவேதான் இருக்கும். பரவாயில்லை.

போன மாதத்திலிருந்து அந்தப் பதினான்கரை டிகிரியிலும் மணி பாதியில் நின்று மூச்சு வாங்குகிறது. இன்னும் இரண்டடி நீட்ட வேண்டும். கார்ப்பென்ட்ரி செக்ஷனில் யாருக்காவது பலகை மீந்தால் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் 'பி' வகுப்பில் என்னிடம் சொல்லுங்கள்.