பேங்காக்கில் மாறிய சட்டமும் நம் வீட்டு மௌனமும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் தேக்காவில் எங்கு நின்றாலும் பயணப் பேச்சுதான். பேங்காக், புக்கெட், ஹட்யாய் எல்லாம் பக்கத்து ஊர்கள் போலாகிவிட்டன. பெற்றோருடன் போகும் பிள்ளைகள் உண்டு. தேசிய சேவை முடிந்ததும் நண்பர்களுடன் கிளம்பும் இளையர்களும் உண்டு. அங்கு சென்றவர்கள் 2022ஆம் ஆண்டிலிருந்து ஒரு புதிய காட்சியைப் பார்த்து வந்திருக்கிறார்கள். பச்சை இலைச் சின்னம் போட்ட கடைகளில், காப்பி வாங்குவதுபோல் கஞ்சா வாங்க முடிந்தது.

இங்கே மரண தண்டனை வரை போகக்கூடிய ஒரு பொருள், இரண்டரை மணி நேர விமானப் பயணத்தில் கடைச்சரக்காகிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, “அங்கே சரி என்றால் இங்கே மட்டும் ஏன் தவறு?” என்று கேட்டால், நம்மில் எத்தனை பெற்றோரிடம் பதில் இருக்கிறது?

தாய்லாந்தின் மூன்றாண்டுப் பாடம்

2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து தாய்லாந்து நீக்கியது. ஆசியாவில் அந்த முடிவை எடுத்த முதல் நாடு அது. மருத்துவப் பயன்பாடு, விவசாயிகளுக்கு வருமானம், சுற்றுலா வளர்ச்சி ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. வீடுகளில் வளர்க்கப் பத்து லட்சம் செடிகளை இலவசமாக வழங்கவும் அரசாங்கம் முன்வந்தது.

ஆனால், யார் விற்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதை முழுமையாக வரையறுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. அதற்குள் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்துவிட்டன. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூன் மாதம், மருத்துவச் சீட்டு இல்லாமல் கஞ்சா விற்க அந்நாட்டுச் சுகாதார அமைச்சு தடை விதித்தது. கஞ்சாவை ஆதரித்த கட்சி ஆளும் கூட்டணியிலிருந்து விலகிய சில நாள்களில் அந்த உத்தரவு வந்தது. கடன் வாங்கிக் கடை திறந்தவர்களும் பயிரிட்டவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். ஒரு பழக்கத்தை அனுமதிக்க ஓர் உத்தரவு போதும். திரும்பப் பெறுவதோ அத்தனை எளிதன்று.

மேற்கு நாடுகளின் அனுபவம் இருபக்கமும் பேசுகிறது. 2018 அக்டோபர் 17ல் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. அதன்பின் சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததற்காகக் குற்றப் பதிவு பெறுவோர் வெகுவாகக் குறைந்தனர். அதேநேரம், மிட்டாய் என்று நினைத்துக் கஞ்சா கலந்த தின்பண்டங்களை உண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது.

அமெரிக்காவில் இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இனப் பாகுபாடு பற்றிய வேதனையும் இருந்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சாவைப் பயன்படுத்தியபோதும், கைதான கறுப்பினத்தவர் விகிதம் மூன்று மடங்குக்கும் அதிகம்.

நம் சமூகத்தின் கணக்கு

இந்த வாதத்தை நம்மால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. போதைப்புழக்கத்துக்காகக் கைதாவோரில் இந்தியர்களின் பங்கு அதைவிட அதிகம்.

2023 ஏப்ரல் 26ஆம் தேதி தங்கராஜு சுப்பையா, சுமார் ஒரு கிலோ கஞ்சா கடத்தலுக்கு உடந்தையாக இருந்த குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வயது 46. அவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டதே இல்லை என்பது தண்டனையை எதிர்த்தவர்களின் வாதம். கைப்பேசித் தொடர்புகள் உள்ளிட்ட சான்றுகள் அவரது பங்கை உறுதிசெய்ததாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடுமையான தண்டனையே கடத்தலைத் தடுக்கிறது என்கிறது அரசாங்கம். மரண தண்டனை பற்றி நம்மிடையே வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். எந்தக் கருத்து உடையவரானாலும், அந்தக் குடும்பத்தின் துயரத்தை உணராமல் இருக்க முடியாது.

ஆனாலும், அந்தத் துயரத்துக்கு மாற்று கஞ்சாவைக் கடையில் வைப்பதுதான் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு வெளிநாட்டு உதாரணம்கூட வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவே போதும். மது எப்போதும் சட்டபூர்வமானதுதான். 2013 டிசம்பர் 8ஆம் தேதி நடந்த கலவரத்தை விசாரித்த குழு, மதுவும் அதற்கு ஒரு காரணம் என்றது. 2015ல் புதிய சட்டம் வந்தது. லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. சட்டம் அனுமதித்த ஒன்றும் தெருவையும் குடும்பத்தையும் பாதிக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாம். இன்னொன்றையும் அந்தப் பட்டியலில் சேர்க்க அவசரம் ஏன்?

சாங்கியில் முடிவதில்லை

பல இளையர்களுக்குச் சரியாகத் தெரியாத ஒன்று உண்டு. சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் கஞ்சா உட்கொண்டாலும், இங்கே உட்கொண்டதாகவே சட்டம் கருதும். அந்த நாட்டில் அது அனுமதிக்கப்பட்டதா என்பது கணக்கில் வராது. சோதனைச்சாவடிகளில் உமிழ்நீர்ச் சோதனையும் செய்யப்படுகிறது. போதைப்பொருள் உட்கொண்ட குற்றத்துக்கு 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை விதிக்கப்படலாம்.

சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வேறு குற்றம் எதுவும் இல்லாமல் போதைப்பொருளை மட்டும் உட்கொண்டு, அதை ஒப்புக்கொள்பவரைச் சிறைக்குப் பதில் மறுவாழ்வு நிலையத்திற்கு அனுப்பும் வழி 2019 சட்டத் திருத்தத்தில் விரிவாக்கப்பட்டது. தண்டனையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இந்த வழியைப் பற்றி நம் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

2024ல் 3,100க்கும் அதிகமான போதைப்புழங்கிகள் கைதாயினர். முதன்முறையாகப் பிடிபட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். மனநலக் கழக ஆய்வொன்றின்படி, போதைப்பொருளைத் தொட்டவர்கள் அதைத் தொடங்கிய சராசரி வயது ஏறக்குறைய 16. அது உயர்நிலை நான்கு படிக்கும் வயது.

பேசாமல் இருப்பதன் விலை

தேர்வு மதிப்பெண் பற்றி விடிய விடியப் பேசும் நாம், இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பேசினால் பிள்ளைக்கு ஆசை வந்துவிடுமோ என்ற பயம். வீட்டில் ஒருவர் சிக்கிக்கொண்டாலோ, “வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்” என்ற பயம். “ஊருக்குப் போயிருக்கிறான்” என்று உறவினர்களிடம் சொல்லிச் சமாளிக்கும் தாய்மார்கள் உண்டு. அந்த மௌனத்தில் உதவி கேட்க வேண்டிய காலம் கடந்துபோகிறது.

திரும்பி வருபவரையும் அதே மௌனம்தான் வரவேற்கிறது. இந்து அறக்கட்டளை வாரியத்தின் ‘ஆஷ்ரம்’ இல்லம், சானா எனப்படும் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம், மஞ்சள் நாடா திட்டம் எல்லாம் தங்கள் பங்கைச் செய்கின்றன. ஆனால், இல்லத்திலிருந்து வெளியே வருபவருக்கு நம் கடையில் வேலை கொடுப்போமா? குடும்ப விசேஷத்துக்கு அழைப்போமா? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோமா? அந்தக் கதவு மூடியிருந்தால், அவரைத் திறந்த மனத்தோடு வரவேற்கப் பழைய கூட்டாளிகள் மட்டுமே இருப்பார்கள்.

2024ஆம் ஆண்டு முதல் மே மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, போதைப்பொருளால் பாதிக்கப்பட்டோர் நினைவு நாளாக அனுசரிக்கப்படுகிறது. அந்த ஒரு நாள் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போதே பிள்ளையை அருகில் உட்கார வைத்துப் பேசுங்கள். சட்டம் என்ன சொல்கிறது, உடலுக்கு என்ன ஆகும் என்பதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “ஏதாவது தவறு நடந்துவிட்டாலும் முதலில் என்னிடம் வா.”