கூண்டுப் பறவைக்குச் சிகிச்சை எதுவரை?

நம் வீடுகளில் லவ் பேர்ட்ஸ் என்று வளர்க்கப்படும் சின்னக் கிளியின் எடை 30 முதல் 40 கிராம். அதன் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே மூன்று, நான்கு மில்லிதான். பரிசோதனைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க மருத்துவர் துணிய மாட்டார். இத்தனை சிறிய உடம்பில் ஊசி, மருந்து, குழாய் வழியாகத் தீனி என்று எதைச் செய்தாலும் அது பெரிய காரியம். ஆனால் நோய் முற்றியதும் வீட்டில் எழும் பேச்சு இரண்டே திசையில்தான் போகிறது. 300 ரூபாய்ப் பறவைக்கு 3,000 ரூபாய் வைத்தியமா என்பது ஒன்று. உயிர் இருக்கும்வரை விடக்கூடாது என்பது மற்றொன்று. முதல் பேச்சில் பறவை கடைச்சரக்காகிவிடுகிறது. இரண்டாவதில் அது நம் மனச்சமாதானத்துக்காக மூச்சுவிட வேண்டியதாகிறது. இன்னும் ஒரு நாள் வைத்தியம் பார்த்தால் அந்த நாள் பறவைக்கு எப்படிப் போகும் என்று இரண்டு தரப்புமே கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிகிச்சையைத் தொடங்கும்போதே அதற்கு ஒரு கெடுவும், தேறுகிறதா என்று பார்க்கச் சில அடையாளங்களும் வைத்துக்கொள்ள வேண்டும். கெடு முடிந்தும் தேறவில்லை என்றால், குணப்படுத்தும் முயற்சியை நிறுத்தி வலியைக் குறைக்கும் பராமரிப்புக்கு மாற வேண்டும். அதுவும் முடியாதபோது மருத்துவர் கையால் வலியில்லாத முடிவைத் தருவதும் வளர்த்தவரின் கடமைக்குள் அடங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பறவைகள் நோயை மறைக்கும். கூட்டமாக வாழும் சிறு பறவை சோர்ந்து தெரிந்தால் பருந்தின் கண் அதன்மேல்தான் விழும். அதனால் தாங்குகிற வரை தாங்கி, ஆள் பார்க்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து நாளைக் கடத்தும். இறகை உப்பிக்கொண்டு கண்மூடிக் குறுகுவது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, குச்சியில் நிற்கமாட்டாமல் கூண்டின் தரைக்கு வந்துவிடுவது எல்லாம் நம் கண்ணில் படும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். கிண்ணம் நிறைந்திருப்பதைப் பார்த்து நன்றாகத்தானே தின்கிறது என்று நினைத்துவிடுவோம். ஒரு ஊது ஊதினால்தான் மேலே கிடப்பது வெறும் உமியா, அடியில் தினை இருக்கிறதா என்பது தெரியும். நம்பத் தகுந்தது தராசு ஒன்றுதான். கிராம் கணக்கில் நிறுக்கும் சிறு தராசில், தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் நிறுத்து எழுதி வைத்தால் பறவை மறைப்பதைத் தராசு காட்டிக்கொடுக்கும். எடையில் பத்து சதவீதம் குறைந்துவிட்டால் அது ஆபத்தின் அறிகுறி. மார்பைத் தடவும்போது நெஞ்செலும்பு கூராக விரலில் தட்டினால் சதை கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

பார்த்த மாத்திரத்தில் பிழைக்கும், பிழைக்காது என்று சொல்லிவிடவும் முடியாது. கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோயின் வைரசுக்கு நெருங்கிய உறவுள்ள ஒரு வைரஸ் புறாக்களைத் தாக்கும். கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை தலைகீழாகத் திரும்பி, ஒரு தானியத்தைக்கூடக் குறிபார்த்துக் கொத்த முடியாமல் அந்தப் புறா படும் பாட்டைப் பார்ப்பவர், இது தேறாது என்றே நினைப்பார். ஆனால் கையால் ஊட்டி, தண்ணீர் காட்டி, தனியே வைத்துப் பல வாரம் பார்த்துக்கொண்டால் தேறிவிடும் புறாக்கள் உண்டு. இதற்கு நேர்மாறானது லவ் பேர்ட்ஸின் ஒற்றைக்கால் நொண்டல். குச்சியிலிருந்து விழுந்து சுளுக்கிக்கொண்டதுபோலத் தெரியும். பல நேரம் காரணம் சிறுநீரகக் கட்டியாக இருக்கும். காலுக்குப் போகும் நரம்பு சிறுநீரகத்தை ஒட்டிச் செல்வதால், கட்டி வளர்ந்து அதை நசுக்கும்போது கால் செயலிழக்கிறது. அறுத்தெடுக்க அநேகமாக வழியில்லை. கூண்டுக் கம்பியின் துத்தநாகமோ ஈயமோ உடம்பில் ஏறியதாக இருந்தால், பறவை எவ்வளவு மோசமாகக் கிடந்தாலும் நச்சை வெளியேற்றும் மருந்தால் எழுந்து உட்கார வாய்ப்பிருக்கிறது. அதனால் தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்விக்கு முன்னால் நோயின் பெயர் தெரிந்தாக வேண்டும். பறவை விற்ற கடையில் ஒரு ஆன்டிபயாடிக் பொடி வாங்கித் தண்ணீரில் கரைத்து வைத்து, நான்கு நாள் கழித்து வேறொரு பொடி வாங்குவதைச் சிகிச்சை என்று சொல்வதற்கில்லை. பறவை மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை முறையாகக் காட்டி, எச்சத்தைப் பரிசோதித்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துவிட்டால், பணமும் பறவையின் பாடும் இரண்டுமே மிச்சமாகும்.

சிகிச்சையும் பறவைக்கு ஒரு சுமை என்பது நம் கணக்கில் வருவதே இல்லை. நாய்க்கு ரொட்டியில் மாத்திரையைப் பொதிந்து கொடுத்துவிடலாம். கிளிக்கு வாய்வழி மருந்து என்றால் பெரும்பாலும் கூண்டுக்குள் கைவிட்டுத் துரத்திப் பிடித்து, துணியில் சுற்றி, அலகைத் திறந்து சிரிஞ்சால் விட வேண்டும். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் மூக்கை அடைக்காமலே மூச்சு முட்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் பறவை பிடித்த கையிலேயே போய்விடுவதும் உண்டு. பலவீனமான பறவைக்குப் பழகாத கையால் கரைசல் புகட்டினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கிளிகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் சிட்டகோசிஸ் நோய்க்கு டாக்சிசைக்கிளின் மருந்தை வழக்கமாக 45 நாள் தர வேண்டும். கையில் வந்து உட்கார்ந்து சிரிஞ்சு நுனியை நக்கிக் குடிக்கும் காக்கடீல் கிளிக்கு இந்த 45 நாள் சிரமமே இல்லை. ஆளைக் கண்டாலே கம்பியில் மோதும் பிஞ்ச் குருவிக்கு ஒவ்வொரு வேளையும் பருந்திடம் அகப்படும் வேளைதான். நோயும் மருந்தும் ஒன்றாகவே இருந்தாலும் முடிவு பறவைக்குப் பறவை மாறலாம். தீனியிலோ தண்ணீரிலோ கலந்து தர வழியுண்டா, வேளைகளைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது வளர்ப்பவரின் உரிமை.

கெடு வைப்பது இதனால்தான் அவசியமாகிறது. மருத்துவரோடு உட்கார்ந்து, இந்த நோய்க்கு இந்த மருந்து வேலை செய்தால் எத்தனை நாளில் தெரியும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நாளுக்குள் எடை இறங்குவது நிற்க வேண்டும். தானாகக் கொத்தித் தின்ன வேண்டும். குச்சியில் ஏறி நிற்க வேண்டும். இறகைக் கோதிக்கொள்ள வேண்டும். அலகால் இறகைக் கோதுவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உயிர்மேல் அக்கறை உள்ள பறவை விடாமல் செய்யும் வேலை அது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ், வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்ற ஏழு கேள்விகளுக்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். நாய் பூனைகளை மனத்தில் வைத்து உருவானாலும் பறவைக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம். இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை தொடங்கியபின் நம் மனம் நாளுக்கு நாள் இறங்கிவந்துகொண்டே இருக்கும். முதல் நாள், பறக்க வேண்டும் என்போம். மூன்றாம் நாள், நின்றால் போதும் என்போம். ஏழாம் நாள் கண்ணைத் திறந்தாலே தேறிவிட்டது என்று மகிழ்வோம்.

பறவைக்கு வலிக்கிறது என்பதை நாம் எப்படி அறிவது, நம் உணர்ச்சியை அதன்மேல் ஏற்றிப் பார்க்கிறோமோ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதற்குச் சோதனையிலேயே விடை கிடைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கால் நொண்டும் பிராய்லர் கோழிகளுக்கு நிறத்தில் வேறுபட்ட இரண்டு தீனிகளை வைத்தார்கள். ஒன்றில் கார்புரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் மருந்துத் தீனியைக் கூடுதலாகத் தேர்ந்து தின்றன. நொண்டல் கூடக்கூட அந்தத் தீனியின் பங்கும் கூடியது. வலி இருப்பதும், அது போக வேண்டும் என்று அவை விரும்புவதும் இதில் தெரிகிறது. ஆகவே குணமாகாது என்று தெரிந்த பறவைக்கும் வலிநிவாரணி தருவது வீண் செலவாகாது. மெலாக்சிகாம் போன்ற மருந்துகளைப் பறவையின் எடைக்குக் கணக்கிட்டு மருத்துவர் தருவார். வீட்டிலிருக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்தப் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து இந்தியக் கழுகு இனங்களையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்ய வேண்டி வந்தது.

மிகக் கனமான எதிர்வாதம் கொல்லாமை. தர முடியாத உயிரை எடுக்க நாம் யார் என்ற கேள்வி நம் மண்ணில் ஆழ வேரூன்றியது. திருக்குறள் ஒரு அதிகாரத்தையே அதற்குக் கொடுத்திருக்கிறது. டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயில் வளாகத்தில் இயங்கும் பறவை மருத்துவமனை இந்த நெறியின்படிதான் அடிபட்ட புறாக்களுக்குப் புகலிடம் தருகிறது. அந்தப் பணியைத் தலைவணங்கியே பேச வேண்டும். ஆனால் அகிம்சையைத் தன் வாழ்வாகக் கொண்டவரே இந்த இக்கட்டில் நின்றிருக்கிறார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று, புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனையில் கிடந்தது. மருத்துவர் கைவிரித்துவிட்டார். காந்தி ஆசிரமத்தாரைக் கூட்டிக் கேட்டார். படைக்க முடியாத உயிரைப் பறிக்க உரிமையில்லை என்று ஒருவர் கடுமையாக எதிர்த்தார். அதையும் கேட்டபின், மருத்துவரை ஊசி போடச் சொல்லி அதன் வேதனையை முடித்தார் காந்தி. எழுந்த கண்டனங்களுக்குத் தம் பத்திரிகையில் பதிலும் எழுதினார். நோய் தீராததாக இருக்க வேண்டும், தொடர்புடைய எல்லோரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும், எந்தப் பணிவிடையும் பயன்படாத நிலை வேண்டும், நோயுற்ற உயிர் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும் என்று அவர் வரம்பு கட்டினார். பயிரை அழிக்கும் குரங்குகளைக் கொல்வதை இதோடு அவர் சேர்க்கவில்லை. அது நம் நலனுக்காகச் செய்யும் கொலை, ஆகவே இம்சை என்றார். கூண்டுப் பறவைக்கும் இந்தப் பிரிவினை அப்படியே பொருந்தும். பார்க்க அருவருப்பாக இருக்கிறது, விடுமுறைக்கு ஊருக்குப் போக வேண்டும், வேறு பறவை வாங்கலாம் என்பதற்காக முடிப்பது கொலைதான். பணிவிடையால் வேதனை தணியாது என்று உறுதியானபின் முடிப்பது வேறு. கருணைக்கொலைக்கு மனம் ஒப்பாதவர்கள் அதைச் செய்தே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கடமை இரட்டிப்பாகிறது: வலிநிவாரணி, முப்பது டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பு, எட்டும் உயரத்தில் தீனி, அமைதி இவற்றைக் கடைசி மூச்சுவரை தர வேண்டும்.

இயற்கையாகப் போகட்டும் என்று மூலையில் வைத்துவிடுவது கருணைக்கொலை, கடைசிவரை பராமரிப்பு என்ற இரண்டிலும் சேராது. சிறு பறவையின் உடம்பு வேகமாக எரியும் உடம்பு. ஓரிரு நாள் தீனி இறங்காவிட்டாலே உயிருக்கு ஆபத்து. மூலையில் வைத்த பறவை பசியிலும் குளிரிலும்தான் போகிறது.

பணத்தைப் பற்றிப் பேச யாரும் வெட்கப்பட வேண்டாம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும்போது, தேற வாய்ப்புக் குறைவான சிகிச்சைக்குக் கடன் வாங்க மறுப்பவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை. செலவு எவ்வளவு ஆகும், வாய்ப்பு எவ்வளவு, வலியை மட்டும் தணிக்க எவ்வளவு என்ற மூன்றையும் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற வலி நேராமல் காப்பதை வைத்திருப்பவரின் கடமை ஆக்குகிறது. விலையுயர்ந்த சிகிச்சையை அது கட்டாயமாக்கவில்லை. இன்னொரு சட்டச் சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குற்றம் என்று இருப்பது சரியே. ஆனால் வழக்குக்குப் பயந்து, நோயுற்ற கிளியை மருத்துவரிடம் காட்டாமலே சாகவிடும் நிலை வரக்கூடாது. முதலில் வைத்தியம், பிறகு ஒப்படைப்பு என்று வனத்துறை தெளிவாக அறிவித்தால், தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்படும் கிளிகளுக்கும் வைத்தியம் கிடைக்கும்.

முடித்துவிடுவது என்று தீர்மானமானால் அதை வீட்டில் செய்யக் கூடாது. தண்ணீரில் அமுக்குவது, ஃப்ரீசரில் வைப்பது போன்றவை கொடூரமானவை. மருத்துவர் மயக்க வாயு கொடுத்து, பறவை நினைவிழந்தபின் ஊசி போடுவார். அதற்கு வலி தெரியாது. கூடவே இருந்த ஜோடிப் பறவையையும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். காரணம் தெரியாமல் இறந்த பறவையை உறையில் போட்டு, ஃப்ரீசரில் வைக்காமல் ஐஸ் கட்டிகளோடு குளிர்ச்சியாக, ஒரு நாளுக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிணப்பரிசோதனை செய்யக் கேட்கலாம். உறைந்துபோனால் திசுக்கள் சிதைந்து காரணம் தெரியாமல் போகும். சிட்டகோசிஸ் என்று தெரியவந்தால், கூண்டில் மிச்சமிருக்கும் பறவைகளுக்கு மருந்து தொடங்க வேண்டும். காய்ச்சலும் வறட்டு இருமலுமாக வீட்டில் யாராவது இருந்தால், கிளி வளர்க்கும் விஷயத்தைத் தங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.