கூட உட்கார்ந்தவள்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காந்தி ரோட்டுக் கடைகளோடு திரும்பிவிடுவார்கள். தங்கையின் கல்யாணத்துக்காகச் சென்ற மாதம் போன நான், புடவை பிறக்கிற இடத்தையும் பார்த்துவிடுவோமே என்று செவிலிமேட்டுக்கு ஓர் ஆட்டோ பிடித்தேன்.

தறியில் மாம்பழ நிறப் புடவை ஒன்று, அரக்குக் கரையோடு பாதி வளர்ந்திருந்தது. வீட்டுக்காரர் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஓரமாக, அவருடைய மனைவி. அவர் நாடாவை வீசுவார். அந்த அம்மாள் கரை நாடாவை வாங்கித் திருப்பி விடுவாள். கண்ணால் பேச்சு, கையால் பதில்!

சகோதரிகளே, உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. இரண்டு கை படைத்த மனிதர் மூன்றையும் தனியாக ஓட்டுவது எப்படி? அதனால்தான் ஓரத்தில் இன்னொருவர். ஒவ்வொரு ஊடை இழையிலும் கரை நூலும் உடல் நூலும் கை கோத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் இருப்பவரின் கவனம் சற்றே சிதறினால் போதும், இணைப்பில் குறை தெரிந்துவிடும்.

"எத்தனை வருஷமாக நெய்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "நான் எங்கேம்மா நெய்யறேன்? அவருதான் நெய்யறாரு. நான் சும்மா கூட உட்கார்றேன்."

என் மனத்தில் சுருக்கென்று தைத்தது. காரணத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கச்சேரிக்கு விமரிசனம் எழுதினேன். பாடகரின் ராக ஆலாபனைக்கு ஒரு பத்தி, கிருதிகளுக்கு ஒரு பத்தி. கடைசி வரியில், "பக்க வாத்தியம் கச்சிதம்." அவ்வளவுதான்! அன்று பிடில் வாசித்தவள் ஓர் இளம் பெண். அவளுடைய தாயார் அந்தப் பக்கத்தை விளக்கடியில் வைத்துக்கொண்டு, மகளின் பெயரை வரி வரியாகத் தேடினாராம். பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இதே காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில் 1925-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அரங்கேறினாள். பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய டி. பாலசரஸ்வதிதான் அவர். 1973-ல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். அவருடைய அபிநயத்தைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். அந்த அபிநயத்துக்குப் பாடியது யார்? பெற்ற தாயார் ஜயம்மாள். வீணை தனம்மாளின் மகள். உறவினர்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மகளை நாட்டியத்தில் விட்டவரும் அவரே.

நாட்டியத்துக்குப் பாடுவது லேசான காரியமா? பதத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். ஆடுகிறவளின் முகத்தில் ஏக்கம் தோன்றினால் சங்கதியிலும் ஏக்கம் தோன்ற வேண்டும்; கோபமானால் கோபம். குரல் ஓர் அடி முந்தினாலும் பாவம் கெடும், பின்தங்கினாலும் கெடும். ஜயம்மாள் அதை ஆண்டுக்கணக்கில் செய்தார். சபையோரின் கண் மகள் மேலேயே இருந்தது. இருக்க வேண்டியதுதான், ஆனால் காது எங்கே இருந்தது என்று யாராவது கேட்டார்களா?

அதே குடும்பத்தில் இன்னொரு கதை. தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் சிட்சை பெற்றவர்கள். அந்த நயினாப் பிள்ளையின் தாயார் காமாட்சியம்மாளும், தாயாரின் சகோதரி தனகோடியம்மாளும் பாடகிகள்! பிருந்தா-முக்தா என்ற ஜோடிப் பெயரைச் சங்கீத ரசிகர்கள் இன்றும் ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். அவர்களுக்குப் பிடில் வாசித்த தங்கை அபிராமசுந்தரியின் பெயர் அந்த மூச்சில் சேர்வதில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' என்று ஒரு ராக் இசைக் குழு இருந்தது. 1967-ல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு அப்போது அதிகம் விற்கவில்லை. ஆனால் பின்னால் வந்த எத்தனையோ குழுக்களுக்கு அதுவே குருவாயிற்று. பேர் வாங்கியவர் பாடகர் லூ ரீட். பின்னால் டிரம் அடித்தவர் மொரீன் டக்கர் என்ற பெண். எல்லோரும் உட்கார்ந்து அடிக்கும் டிரம்மை அவர் நின்றுகொண்டு அடித்தார். பெரிய டிரம்மைப் படுக்கப் போட்டுக்கொண்டார். 'ஜல்' என்று ஒலிக்கும் தாளத்தட்டுகளை அநேகமாகத் தொடவே இல்லை. நெஞ்சுத் துடிப்பு மாதிரி விடாமல் போகும் அந்த அடி இல்லாவிட்டால் அந்தக் குழுவின் பாட்டு வேறு பாட்டாகிவிடும். 'பிக்ஸீஸ்' என்ற குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த கிம் டீலும் இப்படித்தான். வாசித்தார், பாடினார், பாட்டு இயற்றுவதிலும் பங்குகொண்டார். பிறகு 'பிரீடர்ஸ்' என்று தமக்கே ஒரு குழுவை அமைத்துக்கொண்டார்.

காலம் மாறவில்லையா? கொஞ்சம் மாறியிருக்கிறது. எம். எல். வசந்தகுமாரியின் பாட்டுக்குப் பல வருஷம் பிடில் வாசித்தவர் ஏ. கன்யாகுமரி. 2016-ல் அவருக்குச் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி அளித்தது. பிடில் வாசிக்கும் பெண் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 1942 முதல் வழங்கி வரும் பட்டம் என்பதை நினைத்துப் பாருங்கள்! சந்தோஷப்படுவதா, பெருமூச்சு விடுவதா?

செவிலிமேட்டுக்குத் திரும்புவோம். விடைபெறும்போது வீட்டுக்காரரிடம், "அம்மாள் ஒரு நாள் உட்காராவிட்டால்?" என்று கேட்டேன்.

அவர் நாடாவைக் கீழே வைத்தார். "தறி நின்னு போயிடுங்க" என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் ஒண்டியா நெய்யறதில்லீங்க, ரெண்டு பேரும்தான்" என்றார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு தார்க்குச்சியைத் தேடினாள். தார்க்குச்சி கையிலேயே இருந்தது!

உங்கள் பெட்டியில் கோர்வைப் புடவை இருந்தால் இன்று எடுத்துப் பாருங்கள். உடலும் கரையும் சேருமிடத்தை விரலால் தடவுங்கள். அங்கே உட்கார்ந்திருந்தவள் தெரிவாள். அடுத்த தடவை கச்சேரிக்குப் போனால், பிடில் வாசிக்கும் பெண்ணின் பெயரை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரிடம் சொல்லுங்கள்.

நானும் இனிமேல் எழுதிவிடுகிறேன். முதல் பத்தியிலேயே.